புளி போட்டுத் தேய்த்த காசுகள்

'ஏங்க' என்பேனே தவிர, பேர் சொல்லி ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் காவலூர் ரோட்டில் பைக் மெக்கானிக். இஸ்லாம் பிறந்த புதிதில் அரபு நாடுகளில் புழங்கிய வெண்கலக் காசுகளைச் சேர்ப்பதுதான் அவருக்குச் சந்தோஷம். அவரிடம் இருந்தவற்றில் ராஜா தலையோ உருவமோ கிடையாது, எழுத்து மட்டும்தான். துபாயில் இருக்கும் சிநேகிதர் மண் ஒட்டியபடியே எட்டுக் காசு வாங்கி அனுப்பியிருந்தார். இவர் அதை, பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் மாசக்கணக்கில் ஊறவைத்து, முள்ளால் மண்ணை நெம்பி எடுப்பார்.

கல்யாணமான முதல் மாசம். அவர் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கத் திருப்பத்தூர் போயிருந்தார். காசு வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் எல்லாம் பச்சைக் களிம்பு. களிம்பு ஏறினால் புளி, உப்பு, தேங்காய் நார். எங்கள் அம்மா வீட்டில் வேறு வைத்தியம் கிடையாது. அதுவும் புது மலைப்புளி, நல்ல புளிப்பு. ஏழு காசைத் தங்கம் போல ஆக்கினேன். கரைத்த புளி தீர்ந்ததால் எட்டாவது தப்பித்தது.

சாயங்காலம் வந்தவர், பாராட்டுவார் என்று நான் நீட்டிய தட்டைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அந்தப் பச்சைதான் காசின் தோல், எழுத்தே அதில்தான் நின்றது என்று மெதுவாகச் சொன்னார். ஏழிலும் எழுத்து மழுங்கியிருந்தது. இனி இவர் என்னை எதையும் தொட விடமாட்டார் என்று அழுதேன்.

அவர் எட்டாவதை எடுத்து, மண் எடுக்கும் முள்ளோடு என் கையில் வைத்தார்.

"இத நீதான் எடுக்கணும்."

"இன்னாங்க, இதயும் கெடுத்துட்டேன்னா?"

"ஆயிரத்து முந்நூறு வருசத்த ஒரே மத்தியானத்துல கழுவுன கை. இதுக்கு மேல இன்னா கெடுத்துடப் போற?"

சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மாசம் முள்ளும் கையுமாக இருந்தேன். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றாலும் குர்ஆன் ஓதத் தெரியும். ஒருநாள் மண் உதிர்ந்த இடத்தில், புள்ளியில்லாத பழைய அரபு எழுத்தில், இறைவன் ஒருவனே என்று சொல்லும் கலிமாவின் முதல் வார்த்தைகள் தெரிந்தன. கடைக்கு ஓடினேன். அவர் கையெல்லாம் கிரீஸ். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தார். வண்டிக்குக் காத்திருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "எங்கூட்டுக்காரி எடுத்தது" என்று காட்டினார். இதைக் கொடுத்தால் ஒரு டீயாவது கிடைக்குமா பாய் என்று ஒருத்தர் கேட்டதற்கு, ஊர் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாலும் தரமாட்டேன் என்றார்.

போன மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சல். போய்விட்டார்.

சிநேகிதர் மறுபடியும் மண்ணோடு காசு அனுப்பியிருக்கிறார், இந்தத் தடவை எனக்கென்று. அவசரப்படாமல் எடுக்கிறேன். எடுக்கும்போது எனக்கு அழுகை வருவதில்லை, அவர் சிரித்த முகம்தான் வருகிறது. கெடுத்தவள் கையிலேயே திரும்பவும் கொடுத்த மனுஷன். இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், எல்லாரும் அவருக்காகப் பிரார்த்தித்து ஒரு துஆ கேளுங்கள்.