பாலும் மஞ்சளும் கலந்த தண்ணீர்

எங்கள் அண்ணன் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். தொண்ணூறுகள் முழுவதும் அங்கே இயந்திரங்களைப் பழுது பார்த்தார். மழைக்காலங்களில் லயத்துக் குழாயில் சேறு வரும். அதைக் குடித்து என் மகள் நெருப்புக் காய்ச்சலில் விழுந்தபோது, பஸ் வரும் இடம்வரை அண்ணனே அவளைச் சுமந்து நடந்தார். அவள் பிழைத்தாள். நல்ல தண்ணீர் என்ற எண்ணம் அவரை அப்போது பிடித்துக்கொண்டது.

சில ஆண்டுகள் கழித்து வேலையை விட்டு, பதுளையில் குடிநீர்க் கடை தொடங்கினார். கேன் கொண்டுவருவோருக்கு வடிகட்டிய தண்ணீரை நிரப்பிக் கொடுப்பது தொழில்.

"மலையெல்லாம் ஊத்து ஓடுது. அடுத்தது காத்தையும் அடைச்சு விப்பீங்களா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார்.

"கேன் கொண்டாங்க, அதையும் பாப்போம்" என்றார் அண்ணன்.

திறப்பு நாள் வெள்ளிக்கிழமை, விடாத தூறல் என்று என் நாட்குறிப்பில் உள்ளது. கும்பம் வைத்துப் பூசை செய்தோம். முடிந்ததும், புதுக் கிணற்றுக்குச் செய்வதுபோல, ஒரு செம்பு பாலையும் மஞ்சள் நீரையும் யாரையும் கேட்காமல் தொட்டியில் ஊற்றினேன். அது வடிகட்டிய தண்ணீர் நிற்கும் தொட்டி. அன்று பதினான்கு வீட்டார் தண்ணீர் எடுத்துச் சென்றனர். ஞாயிறன்று, நாறுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தனர். திங்களன்று ஒருவரும் வரவில்லை.

அண்ணன் கடையை மூடி எட்டு நாட்கள் தொட்டியையும் குழாய்களையும் கழுவினார். ஊற்றியது நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் தங்கச்சி. நீ சாமிக்குன்னு ஊத்துன. குடிச்சவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

பதினான்கு வீடுகளுக்கும் அவரே கேன் சுமந்து சென்றார். தம் வேலையில் பிழை நேர்ந்ததென்று சொல்லி, அவர்கள் முன் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். ஐந்து வீடுகள் வேண்டாம் என்றன. ஒன்பது வீடுகள் வாங்கிக்கொண்டன. கடை பிழைத்தது அந்த ஒன்பதால்தான்.

பிறகு வந்த ஆண்டுகளெல்லாம் வீடு வீடாகக் கேன் சுமைதான். மேடு ஏறி இறங்கி முழங்கால்கள் தேய்ந்தன. களைப்பென்று சொல்லமாட்டார், சாப்பாட்டுத் தட்டின் முன்னேயே உறங்கிவிடுவார். சென்ற மழைக்காலத்தில் இதயம் தளர்ந்து, பதினொரு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்து காலமானார்.

வார்டில் முறைவைத்து உடனிருந்த உறவினர்களுக்கும், பாடைக்குத் தோள்கொடுத்தவர்களுக்கும் அண்ணியும் நாங்களும் நன்றியுடையோம்.

அந்த ஒன்பது வீட்டாருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். அவர் செய்த பிழையைப் பொறுத்துக்கொண்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருப்பீர்கள். பிழை என்னுடையது. சொல்லாதே என்று தடுக்க இப்போது அவர் இல்லை.