அப்பா தட்டிப் பார்த்த குடம்

இன்று காலை கோட்டுச்சேரியில் எங்கள் தெருவுக்குப் பானைக்கார அக்கா வந்தார். போன வருடம் அவருடைய சட்டி பானைகளைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கிக் கொடுத்தவன் நான்தான். லைக் குவிந்தது. ஒரு சட்டிகூட விற்கவில்லை.

இப்போது அவர் தன் மாமியார் காலத்து வழிக்கே திரும்பிவிட்டார். தலையில் கூடை, வாசலுக்கு வாசல் குரல். அணைந்து கிடந்த சூளை வாரம் தவறாமல் எரிகிறதாம்.

"எப்படிக்கா?" என்றேன்.

"வீட்டுக்கு வீடு விசாரிப்பேன் தம்பி. யாருக்குக் கல்யாணம், யாரு மாசமா இருக்கா... ஒங்க போனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

சொல்லிக்கொண்டே, முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"ஐயாவுக்கு எப்படி இருக்கு?"

"டாக்டர் கைய விரிச்சுட்டாரும்மா" என்றார் அப்பாவே.

அக்கா உச்சுக்கொட்டினார். பிறகு கூடைக்குள் கைவிட்டு ஒரு குடத்தை எடுத்து வைத்தார். கொள்ளிக்குடம்.

"அவசரத்துல அலைய வேணாம் பாருங்க."

நிலைப்படியில் நின்றிருந்த அம்மா உள்ளே போய்விட்டார். அப்பா மட்டும் குடத்தை மடியில் வைத்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் சரியில்லையேம்மா. இவன் தோள்ல வெச்சு மூணு சுத்து சுத்துறதுக்குள்ள தானா ஒடஞ்சுடும். வேற குடு."

"அடுத்த சூளையில ஒங்களுக்குன்னே தனியா சுட்டுக் கொண்டாரேங்க. வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க."

"பொறுத்துக்கறேன்" என்றார் அப்பா.

உங்கள் தெருவுக்கும் வருவார். வந்துவிட்டாரா? வாசலில் யாரைப் பார்த்து விசாரித்தார்?