தைத்து வைத்த கடைசி அத்தியாயம்

காலத்தில் பின்னோக்கிப் போகும் இயந்திரத்தைப் பற்றிய விஞ்ஞானக் கதைகளை என் மகன் நூலகத்திலிருந்து கொண்டுவந்து தருவான். எனக்கு அவற்றைக் கண்டாலே எரிச்சல் வரும். போகிறவர்கள் ராஜாக்களைப் பார்க்கப் போகிறார்கள், போர்க்களத்துக்குப் போகிறார்கள். ஒருத்தராவது செத்துப்போன அக்காவைப் பார்க்கப் போகக் கூடாதா? போங்கடா நீங்களும் உங்கள் இயந்திரமும் என்று மூடி வைத்துவிடுவேன்.

துப்பறியும் நாவல்தான் எனக்குச் சரி. முதல் பக்கத்திலேயே ஒருவர் செத்துக் கிடப்பார். அதற்கு அப்புறம் யாரும் உட்கார்ந்து அழுவதில்லை, காரணமானவனைத் தேடவே பொழுது போய்விடும். அப்படி ஒருத்தன் இருப்பான், மாட்டிக்கொள்வான். அந்த நிம்மதி எனக்கு வேண்டியிருக்கிறது.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவளே அக்காதான். யுத்த காலம் அது. அரியலூர் ஸ்டேஷனில் அப்பாவுக்கு வேலை. ரயிலில் யாராவது மறந்துவிட்டுப் போகும் நாவல்களை எங்களுக்குக் கொண்டுவருவார். காகிதத் தட்டுப்பாட்டில் எழுத்து கடுகு மாதிரி இருக்கும். மண்ணெண்ணெய் கிடைக்காததால் பகலில்தான் படிப்பு. ஒருத்தி படிப்பாள், மற்றவள் கேட்பாள்.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. புத்தகம் வீட்டுக்குள் வந்ததுமே கடைசி அத்தியாயத்தை ஊசிநூலால் தைத்துவிடுவாள். மற்றதெல்லாம் படித்து முடித்ததும் கொலைகாரன் யார் என்று இருவரும் சொல்ல வேண்டும். அதன் பிறகே தையலைப் பிரிக்கலாம். நான் எப்போதும் வேலைக்காரனைத்தான் சொல்வேன்.

"ஏண்டி, பாவம் அந்த வேலைக்காரன் உனக்கு என்ன பண்ணான்?" என்பாள்.

பெரும்பாலும் அவள் சொன்ன ஆள்தான் மாட்டுவான். அதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம்.

குன்னத்தில் கட்டிக்கொடுத்த பிறகு அவள் கையில் புத்தகமே இல்லை. பருத்திக்காட்டு வேலைக்கும் வீட்டு வேலைக்குமே நேரம் சரியாக இருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்தபோது பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, "புதுசு ஏதாச்சும் வந்துச்சாடி?" என்றாள். வந்திருந்தது. அன்றைக்கே தைத்தாள். மேடிட்ட வயிற்றின்மேல் புத்தகத்தைச் சாய்த்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினாள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வலி எடுத்துவிட்டது.

"நான் வர்ற வரைக்கும் நூலைத் தொட்டே, கொன்னுடுவேன்" என்று என்னை மிரட்டிவிட்டுத்தான் உள்ளறைக்குப் போனாள்.

குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அடுத்து அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது, இறங்கவே இல்லை. பெரம்பலூரிலிருந்து வந்து பார்த்த டாக்டர், அப்பாவைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொல்லிவிட்டுப் போனார். அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் பிழைத்துவிடுவாள் என்று பிடிவாதமாக நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அந்தப் புத்தகத்தை எடு. நூலைப் பிரிச்சுப் படி."

"நீ இன்னும் ஆளைச் சொல்லலியேக்கா."

"பரவால்ல. படிடி."

டாக்டர் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பார் என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. "நீ எழுந்து உக்காரு, அப்புறம் சேர்ந்து படிப்போம்" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவள் தலையை மடியில் வைத்திருந்த அம்மா, "கேக்குறா இல்ல, படிச்சுக் காட்டுடி" என்றாள்.

நூலை அறுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார். வேலைக்காரன் இல்லை என்று ஆனபோது அக்கா லேசாகச் சிரித்த மாதிரி கேட்டது. நான் நிமிரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் என்னால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. கொலைகாரன் பெயர் வந்த பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"போதும்டி. அவ போயிட்டா."

இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. அதையும் உரக்கப் படித்து முடித்தேன்.