மைனஸ் ஒன்றாம் சென்சார்

ஒழுங்காக ஓடும் புரோகிராமிடம் வேண்டுமென்றே கோணல்மாணலாக எதையாவது கொடுத்து, அது செயலிழந்து விழுகிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்து வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மலேசியா சுதந்திரம் அடைந்து நாற்பது ஆண்டு ஆன சமயம். மலாக்கா காஜா பெராங்கில், கடைவீட்டு மாடியில் எங்கள் கம்பெனி. குளிர்பதன அறைகளின் வெப்பநிலையைப் படிக்க சி மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது ஃபங்ஷன் என்னும் சின்னச் சின்ன புரோகிராம் துண்டுகளின் தொகுப்பு, எழுதி விற்றோம். மற்ற கம்பெனிக்காரர்கள் அதைத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்வார்கள். எழுதியவர் நடராஜா. உடைக்க வேண்டியவள் நான்.

பெயரில்லாத அறை

முதல் வாரம். அறையின் பெயரைக் கொடுத்தால் அதை அழகாகத் திரையில் காட்டும் ஒரு ஃபங்ஷன். நான் பெயரே கொடுக்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' என்ற வெறுமையைக் கொடுத்தேன். ஃபங்ஷன் மட்டுமல்ல, கம்ப்யூட்டரே உறைந்து நின்றது.

நடராஜா இதே காஜா பெராங்கின் மலாக்காச் செட்டி சமூகத்தவர், பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. பெயர் சுத்தத் தமிழ், பேச்சு முழுக்க மலாய். கோபப்படாத மனிதர். உறைந்த திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குற்றம் ஃபங்ஷனுடையதா என்னுடையதா என்று அவருக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. யார் உன்னை அப்படிச் செய்யச் சொன்னது என்பதை மலாயில் இரண்டே சொல்லில் கேட்டார்: "சியாப்பா சுரூ?"

செமாபோக்கிலிருந்து வந்தவர்கள்

அந்த மாதமே மலாக்காவின் செமாபோக் பகுதியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் லைப்ரரியில் வேலை செய்கிறாள் என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். வந்தவர்கள் புத்தகம், அமைதி, அரசாங்க பென்ஷன் என்று கற்பனை செய்துகொண்டு, மகிழ்ச்சியாகக் கேசரி சாப்பிட்டார்கள். பொய்யில் கல்யாணம் வேண்டாமே என்று நான் உண்மையை விளக்கினேன். மற்றவர்கள் செய்ததை எந்தெந்த வழியில் உடைக்கலாம் என்று நாள் முழுக்க யோசிப்பேன், உடைந்தால் எழுதிவைப்பேன் என்றேன். பையன் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துக்கூட இருந்தது. பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் ரசத்துல உப்பு கூடிப்போனா, அதையும் எழுதி வைப்பியாம்மா?"

மரியாதையான பதில்

ஓர் அறையில் நான்கு சென்சார் வரை வைக்கலாம். எண்ணைக் கொடுத்தால் அந்த சென்சார் காட்டும் வெப்பநிலை வரும். நான் ஐந்து கொடுத்தேன், நூறு கொடுத்தேன், கடைசியில் மைனஸ் ஒன்று கொடுத்தேன். உலகத்தில் எங்கும் இல்லாத அந்த சென்சாரின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரி என்று லைப்ரரி பணிவாகப் பதில் சொன்னது.

இது விழுவதைவிட மோசம், ஐஸில் வைத்த மீனுக்கு பூஜ்யம்தானே சரியான அளவு, பார்க்கிறவர் எல்லாம் நலம் என்று நினைப்பார் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். எங்கள் பாஸ் சிவநேசன் முதல் வரியைப் படித்தார். கடைசி வரியையும் படித்திருக்கலாம். தாளை மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

"விழலதானே? அப்புறம் என்னாம்மா ரிப்போர்ட்?"

கிளேபாங் மீன்

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கடலோரக் கிளேபாங் ஊர் மீன் வியாபாரி முனியாண்டி அண்ணன் ஒரு பெட்டியோடு மாடியேறி வந்தார். அவருடைய அறையில் இருந்த ஒரே சென்சாரின் வயர் சனிக்கிழமை கழன்றிருக்கிறது. அதைப் பொருத்திக் கொடுத்த கம்பெனியின் புரோகிராம் சென்சாரைத் தேடி, கிடைக்காமல், 'இல்லை' என்பதற்கு அடையாளமாக மைனஸ் ஒன்று என்று எங்கள் லைப்ரரிக்குக் கொடுத்திருக்கிறது. எங்கள் லைப்ரரி தன் வழக்கப்படி மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறது. அதோடு குளிர்பதன மெஷினும் நின்றுபோன அறையில், இரண்டு நாளும் திரையில் பூஜ்யம்.

முனியாண்டி அண்ணன் பெட்டியை பாஸின் மேஜையில் வைத்துத் திறந்தார். அழுகிய தெங்கிரி, அதாவது வஞ்சிரம். நடராஜா எழுந்து ஜன்னல்களைத் திறந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லும் தருணத்துக்காக ஒரு மாதம் காத்திருந்தவள் நான். அதற்குப் பதில் முனியாண்டி அண்ணனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மூன்று சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அன்று காலையே வேறு ஆளிடம் மீன் எடுக்கப் போய்விட்டார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அவரிடம் வாங்கியவர்கள். அவர் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். போகும்போது கதவருகே நின்று என்னிடம்தான் கேட்டார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லத் தெரியாதாம்மா உங்க கம்ப்யூட்டருக்கு?"

கூட்டம்

நடராஜா அன்று மத்தியானமே மோட்டார் சைக்கிளில் கிளேபாங் போய், திருத்திய லைப்ரரியைத் தன் கையால் போட்டுக் கொடுத்தார். அந்த மூன்று கடைகளுக்கும் போய், தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு கடைக்காரர்கள் முனியாண்டி அண்ணனிடமே திரும்பினார்கள். பிறகு பத்து நாள் நானும் நடராஜாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா ஃபங்ஷனுக்கும் தப்பான எண், வெறுமை, மூடிய ஃபைல் என்று கொடுத்துக்கொண்டே இருந்தோம். இப்போது அவரே எனக்குப் புதுப்புதுக் குறும்புகளைச் சொல்லிக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் பாஸ் கூட்டம் போட்டு எல்லோரையும் பாராட்டினார். என் ரிப்போர்ட்டைக் கையில் தூக்கிக் காட்டினார். டிராயரில் பத்திரமாக இருந்ததால் கசங்காமல் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லா, இதெல்லாம் டெஸ்ட் பண்ணணும்னு."

லைப்ரரியின் அத்தனை ஃபங்ஷனையும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லவைத்துவிட்டேன். அலுவலகத்தில் அப்படிச் சொல்லவைக்க முடியாமல் போனது ஒரே ஒருவரைத்தான்.