எலுமிச்சை வாசனையும் ஒரு டைமிங் பெல்ட்டும்

போன வாரம் என் காரை சர்வீஸுக்கு விட்டேன். அதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரின் ஓரத்தில் நீலப் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். புதுசு மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிட்டு, பழையதையே ஊதித் துடைத்து மாட்டிக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. என் மனைவி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, காருக்குத் திருஷ்டிப் பொட்டா?" என்றாள்.

கடலூரில் உள்ள அந்த சர்வீஸ் சென்டரில் பதினொரு ஐட்டம் கொண்ட பட்டியலை டேப்லெட்டில் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு என்று கேட்டேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் ஆகியவற்றுக்குச் சரி என்றேன். மற்ற ஏழையும் வேண்டாம் என்றேன். சாயங்காலம் போய் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து பார்த்தால், புள்ளியைக் காணோம். புது ஃபில்டர்தான். நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கென்னவோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குப்பென்று எலுமிச்சை வாசனை.

"ஏசி கிருமிநீக்கம் சார். நீங்க வேணாம்னீங்க, நாங்களே ஃப்ரீயா பண்ணிட்டோம்."

சிதம்பரத்துக்குத் திரும்பி வரும்போது ஜன்னல்களை இறக்கிவிட்டே ஓட்டினேன். ஆலப்பாக்கம் தாண்டியும் அந்த வாசனை போகவில்லை. எனக்கு அது புதிதும் இல்லை. ஒரு காலத்தில் அதை விற்றுத்தான் சாப்பிட்டேன்.

டிப்ளமா முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, கடலூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் அட்வைசர். அண்ணாகிராமத்தில் பஸ் ஏறி, பண்ருட்டியில் மாறி, வேர்த்து வழிய வந்து இறங்கி, பின்பக்கக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு டை கட்டிக்கொள்வேன். கடலூர் வெயிலில் டை கட்டியவனை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிற வண்டியைச் சுற்றிப் பார்த்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்து வாங்குவது என் வேலை. அப்படித்தான் சொல்லிச் சேர்த்தார்கள். நிஜமான வேலையை மேனேஜர் ரெண்டாம் நாள் சொன்னார்.

"'பண்ணணுமா'ன்னு கேக்காதடா. கேட்டா வேணாம்பாங்க. 'பண்ணிடலாமா'ன்னு கேளு."

அந்த ஒரு சொல் வித்தியாசத்தில் எவ்வளவு விற்றிருக்கிறேன்! உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் பூசும் தார், இன்ஜினின் உள்பக்கத்தைக் கழுவும் ஃபிளஷ், ஏசிக்கு எலுமிச்சை நுரை. கார் செய்த கம்பெனியின் கையேட்டில் இதெல்லாம் கிடையாது. நாங்களாக ஒரு வழவழப்பான தாளில் அச்சடித்து, எல்லாவற்றுக்கும் எதிரே டிக் போட்டு வைத்திருந்தோம். பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரி ஒருவர் இருந்தார். டிக்கியில் பழம் ஏற்றி ஏற்றி அவர் கார் சீசன் முழுக்கப் பழுத்த வாசனையோடு வரும். மாசம் ஒரு தடவை எலுமிச்சை நுரை அடிப்போம். ரெண்டு வாசனையும் சேர்ந்து ஒரு மூன்றாவது வாசனை வரும் பாருங்கள், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த மனிதர் ஒரு நாளும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை.

கோபித்துக்கொண்டவர் பிலோமினா டீச்சர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கடலூர் முதுநகரில் வீடு. அவர் கணவர் செபாஸ்டியன் சாருக்கு ரெண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் டயாலிசிஸ். கடலூரில் இடம் கிடைக்கவில்லை. டீச்சர்தான் கார் ஓட்டிக்கொண்டு போவார். ஆஸ்பத்திரி, சர்ச், மார்க்கெட். அந்தப் பழைய டீசல் கார் வேறெங்கும் போனதில்லை. சர்வீஸுக்கு விடும்போது சாரும் கூட வருவார். அளந்து ஊற்றிய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

முதல் தடவை வந்தபோது டீச்சருக்கு இன்ஜின் ஃபிளஷ்ஷை விற்றேன். போடாவிட்டால் இன்ஜின் கெட்டுவிடும் என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னேன். ரெண்டாம் தடவை வரும்போது கையில் கார் கையேடு. பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"இதுல ஃபிளஷ்ஷு எங்கப்பா இருக்கு?"

"கம்பெனி ரெகமண்டேஷன் மேடம்."

"எந்தக் கம்பெனி? வண்டி செஞ்ச கம்பெனியா, உன் கம்பெனியா?"

கவுன்ட்டரில் நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் சில கட்டங்களில் 'பார்க்கவும்' என்றும் சில கட்டங்களில் 'மாற்றவும்' என்றும் இருக்கும். "பாக்கச் சொன்னதையெல்லாம் மாத்தச் சொன்னதா ஆக்கி வெச்சிருக்கீங்களே" என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எட்டாம் வகுப்பில் நோட்டு திருத்தி வாங்கினவன் மாதிரி நின்றேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மூன்றாம் தடவை வந்தபோதுதான் அது நடந்தது. தலைமை மெக்கானிக் அன்வர் பாய் பட்டறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். இன்ஜினுக்குள் மேலேயும் கீழேயும் அசைகிற பாகங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடச் செய்வது அந்த ரப்பர் பட்டைதான். ஓடும்போது அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே காலி. பாய் அதை விரலால் மடக்கிக் காட்டினார். காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"தம்பி, வேற எத வேணா வுடு. இத மட்டும் வுட்றாத. அந்தம்மா நோயாளிய ஏத்திக்கிட்டுப் போறாங்க."

கவுன்ட்டருக்கு வந்து டீச்சரிடம் சொன்னேன். அவர் கையேட்டைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் எவ்வளவோ கிலோமீட்டர் இருக்கே. இந்தத் தடவ பெல்ட்டா?" என்று சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: கிலோமீட்டர் அல்லது வருடம், எது முந்துகிறதோ அது. அவர் கார் அதிகம் ஓடவில்லை. ஆனால் வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்த வரி எனக்கு மனப்பாடம். விரலை வைத்துக் காட்டியிருக்கலாம். இல்லை, பட்டறைக்கு இருபது அடி கூட்டிக்கொண்டு போய் அந்த வெடிப்பைக் கண்ணால் பார்க்க வைத்திருக்கலாம். காது ரெண்டும் சூடாக இருந்தது. வேண்டாமென்றால் போ என்று உள்ளே ஒன்று சொன்னது. ஜாப் கார்டில் 'டைமிங் பெல்ட் – வாடிக்கையாளர் மறுத்தார்' என்று எழுதி, அதன் பக்கத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புதுச்சத்திரம் தாண்டி பெல்ட் அறுந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட, டீச்சர் எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறார். பஸ் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் மீன் பெட்டி ஏற்றிப்போன ஒரு வேனில் சாரை முன்னால் உட்காரவைத்து, டீச்சர் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது சாருடைய டயாலிசிஸ் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம்வரை காத்திருந்ததில் சாருக்கு மூச்சு வாங்கி, கால் வீங்கி, நாலு நாள் அங்கேயே படுக்க வேண்டியதாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார்.

காரை இழுத்து வந்து எங்களிடம்தான் விட்டார்கள். மேனேஜர் முதலில் தேடியது ஜாப் கார்டைத்தான். "கையெழுத்து இருக்குல்ல? அப்ப நாம சேஃப்" என்று என் முதுகில் தட்டினார். என் உடம்பில் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிற ஒரே இடம் அதுதான்.

டீச்சர் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். என் எதிரே உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு நெசமாத்தான் சொன்னியாப்பா?"

"நெசமாத்தான் டீச்சர்."

"ஃபிளஷ்ஷு?"

"அது தேவையே இல்ல டீச்சர்" என்றேன்.

"ரெண்டையும் ஒரே மூஞ்சிய வெச்சிக்கிட்டுதானப்பா சொன்ன. நான் எதக் கண்டு நம்புறது?"

பொடி எழுத்து வரியை அப்போதுதான் அவருக்குக் காட்டினேன். படித்துவிட்டு, "இது என் தப்பு. படிச்சிருக்கணும்" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்ஜினைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு அந்தக் கார் தகுதியில்லை. அப்படியே விற்றுவிட்டார். அதன் பிறகு ரெண்டு பேரும் வாடகை வண்டியில்தான் சிதம்பரம் போய்வந்தார்கள். நான் ஜாப் கார்டில் கோடு கிழித்து, கட்டாயம் என்று ஒரு பக்கமும், உங்கள் இஷ்டம் என்று மறுபக்கமும் எழுத ஆரம்பித்தேன். இஷ்டம் என்று எழுதிய எதையும் ஒருவரும் வாங்கவில்லை. மூன்றாம் மாதம் மேனேஜர் என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார். அங்கே டை தேவைப்படவில்லை. கொஞ்ச நாளில் நானே விலகிவிட்டேன். இப்போது விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸுக்கு மதிப்பிட்டுச் சொல்லும் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

நான் வேலை பார்த்த அந்த சர்வீஸ் சென்டரை மூடிவிட்டார்கள்; இப்போது அங்கே டைல்ஸ் கடை. அன்வர் பாய் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். செபாஸ்டியன் சார் அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் இருந்தார். டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போனதாகக் கேள்வி.

அவர் முதன்முதலாக வந்த காலையைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா. என்ன வேணுமோ நீயே பாத்துச் செய்" என்றார். ஜாப் கார்டைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, கணவரைக் கைத்தாங்கலாக நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்படிச் சாவி கொடுக்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. நானும் கொடுப்பதில்லை.