தம்பி என்கிற உத்தியோகம்

மலாயாவில் எங்கள் அரசாங்க அலுவலகத்தில் தம்பி என்பது உறவல்ல, உத்தியோகம். யாரோ ஒரு தமிழர் இன்னொருவரை அப்படி அழைத்ததைக் கேட்ட வெள்ளைக்காரத் துரைகள், பியூன் வேலைக்கே அந்தச் சொல்லைச் சூட்டிவிட்டார்கள். மீசை நரைத்தாலும் பியூன் தம்பிதான். தமிழ் தெரிந்த கிராணிகள் நாலைந்து பேர் அங்கே குமாஸ்தா வேலை பார்த்தோம். அரசாங்கம் செய்தால் பிழையும் நடைமுறையாகிவிடும் என்று அறிந்தவர்கள், ஆகவே வாய் திறக்கவில்லை.

மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரம் பெற்றது. துரை கப்பலேறினார். முப்பது வயது நிறையாத உள்ளூர் அதிகாரி அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொடி மாறியது, சுவரில் படம் மாறியது. "தம்பி!" மட்டும் அதே சுருதியில் தொடர்ந்தது.

ஒரு நாள் காலை அந்தக் குரலுக்கு எங்கள் பியூன் எழுந்திருக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். வாசலோர முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த அதிகாரி கடைசியில் தாமே வெளியே வந்தார்.

"காது கேட்கவில்லையா?"

"நல்லா கேக்குது, துவான்."

மலாயில் 'ஐயா' என்று மரியாதை சேர்த்தும் இந்தப் பதில்தான் வினையாயிற்று. கீழ்ப்படியாமைக் குற்றம், மறுநாள் விசாரணை என்றார் அதிகாரி. குற்றம் உறுதியானால் வேலை போகும். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஓய்வூதியமும் போகும். நாங்கள் அனுதாபப்பட்டோம். அனுதாபத்துக்கு மேலிடத்து அனுமதி தேவையில்லை.

தட்டச்சு செய்யும் பெண்மணிதான் எழுந்து போனார். மலாக்காவில் காஜா பெராங் பகுதியைச் சேர்ந்தவர், மலாய் வழக்கங்களோடு கலந்துபோன பழைய தமிழ்க் குடியான செட்டிப் பெண். மலாய்ச் சட்டையான கபாயா அணிவார், திருநீறும் இடுவார். வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழில் அவருக்குத் தெரிந்தவை சில உறவுமுறைச் சொற்கள் மட்டுமே. பின்கட்டில் தேநீர் கலந்துகொண்டிருந்த பியூனை 'பாச்சிக்', அதாவது மாமா, என்று அழைத்து மலாயில் கேட்டார். நானும் கோப்பையோடு அங்கே நின்றிருந்தேன்.

"இத்தனை வருஷம் எழுந்து போனீர்களே பாச்சிக், இப்போது என்ன?"

"வெள்ளைக்காரன் போயிட்டான். அவன் வச்ச பேரும் அவனோட போகட்டும்னு பாத்தேன்."

"அப்படியானால் அண்ணன் என்று கூப்பிடச் சொல்லவா?"

"அதெல்லாம் வேணாம்மா. எனக்குப் பேர் இருக்கு."

"நாளைக்கு உங்களுக்காக நான் பேசட்டுமா?"

அவர் தேநீரை ஒருமுறை ஆற்றினார். "என் பேச்சை நான் பேசிக்குவேன். நீ காதால கேட்டதை மட்டும் சொல்லு."

"சரி" என்று தட்டச்சு அம்மாள் திரும்பிவிட்டார். ஒருவருக்கு உதவப் போகும் முன் அவரிடமே கேட்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. அந்த அம்மாள் யாரும் சொல்லாமலே அப்படிச் செய்தார்.

மறுநாள் குற்றம் சாட்டியவரே விசாரிக்க உட்கார்ந்தார். முறையல்ல. ஆனால் விதியைக் காட்டுவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

"கூப்பிட்டேன், வரவில்லை. ஒத்துக்கொள்கிறாயா?"

"என்னைக் கூப்பிட்டா வருவேன், துவான். யாரும் என்னைக் கூப்பிடலை."

வாசலருகே மேசை என்பதால் சாட்சியாக அழைத்திருந்த தட்டச்சு அம்மாளை அதிகாரி பார்த்தார். "நீங்கள் கேட்டீர்கள் அல்லவா?"

"கேட்டேன், துவான். தம்பி என்று கூப்பிட்டீர்கள். எங்கள் வீட்டில் எனக்குப் பின்னால் பிறந்தவன்தான் தம்பி. அந்த இடத்தில் எனக்குப் பின்னால் பிறந்தவர் துவான் ஒருவர்தான். யாரை அழைக்கிறீர்கள் என்று எனக்கும் விளங்கவில்லை."

குரலில் கேலி இல்லை. அதுதான் பெரிய சாமர்த்தியம். கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். நேரம் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

"துவான், உத்தரவு இன்னாருக்கு இடப்பட்டது என்று குற்றச்சாட்டில் பெயர் குறிக்க வேண்டும், அதுதான் விதி. தம்பி என்ற பெயரில் நம்மிடம் ஊழியர் எவரும் இல்லை. என்ன எழுதட்டும்?"

அதிகாரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட்டிருக்கலாம், அதிகாரம் அவருடையது. அவரோ பேனாவை மூடினார்.

"ஒன்றும் எழுத வேண்டாம்" என்றார். பிறகு பியூனிடம், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார். அந்த 'உங்கள்' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பியூன் சொன்னார். அது நீளமான பெயர். அதிகாரி சொல்லிப் பார்த்தார், ழகரத்தில் இடறியது. பியூன் பொறுமையாகத் திருத்தினார். மறுபடி இடறியது, மறுபடி திருத்தினார். அடுத்த முறை ஓரளவு சரியாக வந்தது.

"துவான்" என்று விறைப்பாக எழுந்து நின்றார் பியூன். "என்ன வேணும்?"

அதிகாரிக்கு முதல் நாள் எதற்காகக் கூப்பிட்டோம் என்பதே மறந்து போயிருந்தது.