பாம்பு என்று எழுதாத கடி

ஒருநாள் என் சித்தியின் கைப்பையில் ரப்பர் பாம்பு ஒன்றைப் போட்டு வைத்தேன். வீடே அதிரப்போகிறது என்று கதவிடுக்கில் காத்திருந்தால், அவள் அதன் வாலைப் பிடித்துத் தூக்கி, "விஷமுள்ளதா, இல்லாததா? தெரியாம விழுந்துச்சா, வேணும்னே போட்டியா? சொல்லு, அதுக்குத் தகுந்த நம்பர் போடணும்" என்றாள். எனக்குத்தான் மானம் போயிற்று.

சித்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளி வீட்டுக்குப் போனதும், மருத்துவர் கிறுக்கிய கேஸ் ஷீட்டைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன குறியீடு என்று கணினியில் ஏற்ற வேண்டும். பாம்பு விஷத்துக்கு ஒன்று, தற்செயலாகக் கடிபட்டால் ஒன்று, வேண்டுமென்றே கடிக்க விட்டால் வேறொன்று.

"அப்படியும் செய்வாங்களா சித்தி?"

"மனுஷங்கதானே, செய்வாங்க."

மருத்துவர் எழுதாததை அவள் ஏற்றக் கூடாது. இமை தொங்கி, பேச்சுக் குழறி, விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைத்த ஆளாகவே இருக்கட்டும்; ஷீட்டில் 'ஏதோ கடித்தது' என்றிருந்தால் அது வெறும் கடிதான். ஆனால் பாம்புக்கடி எத்தனை என்று பார்த்துத்தான் மேலிடம் அந்த மருந்தை அனுப்பும். வருகிற ஷீட்டெல்லாம் 'ஏதோ கடித்தது'.

அவற்றை அள்ளிக்கொண்டு மருத்துவரிடம் போனாள்.

"சார், பாம்புன்னு ஒரு வார்த்தை எழுதிட்டீங்கன்னா போதும்."

"நான் பாத்தேனாம்மா? கடிபட்டவங்களே பாக்கல. தேளோ, பூரானோ, என்ன கருமமோ."

"தேளுக்கா சார் இந்த மருந்து ஏத்துனீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "உசுரு போயிடக் கூடாதுன்னு ஏத்தினேன். பாக்காததை எழுதி, நாளைக்கு விசாரணைன்னு வந்தா நீங்களா வந்து நிப்பீங்க?"

கெட்ட மனிதர் இல்லை. வராந்தா நிறைய ஜனம், பார்க்க இவர் ஒருவர். சித்தி மேலிடத்துக்கும் எழுதிப் பார்த்தாள். 'குறியீட்டின்படியே ஒதுக்கீடு' என்று பதில் வந்தது. வழக்கமாக வருவதில் பாதி மருந்துதான் வந்தது.

மழை பிடித்ததும் அதுவும் தீர்ந்தது. அப்போதுதான் விறகு எடுக்கப்போன ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா ஓடி வந்தார். இன்னொரு கையில் பெயின்ட் டப்பா. அதில் அடித்துக் கொன்ற பாம்பு. "பாத்துக்கோங்க சார், இதுதான், இதேதான்" என்று எல்லோரிடமும் காட்டினார். மருத்துவர் காலி அலமாரியைத் திறந்து திறந்து மூடினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியது. ஓடி வந்த சித்திக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. வழியில் கிடந்த டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

பெண் பாதி வழிகூடத் தாண்டவில்லை.

அந்த ஷீட்டை மருத்துவரே கொண்டுவந்தார். விஷப்பாம்பு, இன்ன வகை, விறகு எடுக்கையில், தற்செயலாக. முத்து முத்தாக எழுதியிருந்தார்.

"சரியா இருக்காம்மா?"

"இருக்கு சார். ஒரு குறையும் இல்ல."

அவர் போகாமல் நின்றார். சித்தி ஏற்றினாள். கணினியின் கணக்கில் அந்த வருடத்தின் முதல் பாம்புக்கடி அதுதான்.